அஷ்டமியில் அடைத்த பாட்டில்

போன ஞாயிற்றுக்கிழமை – ஆனி மாதத்தின் கடைசி ஞாயிறு – தல்லாகுளத்தில் என் வீட்டு ஹாலில் வைத்து ஒரு பீர் பாட்டிலுக்குத் திதி பார்க்கப்பட்டது.

பார்த்தவன் நான்தான்.

சிரிக்காதீர்கள். வரிசையாகச் சொல்கிறேன். சிரிப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு என் தேதிப் பைத்தியம் தெரியும். மாத்திரை அட்டையோ பிரெட் பாக்கெட்டோ, தேதி பார்க்காமல் கை வைக்க மாட்டேன். கோயிலுக்குப் போனால் மற்றவர்கள் சாமியைத் தேடுவார்கள். நான் சுவரில் கல்வெட்டைத் தேடுவேன் – எந்த ராஜா, எத்தனையாவது ஆட்சியாண்டு? கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை பெயரைப் படிப்பதற்கு முன்னால் தேதியும் கிழமையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுவேன். இப்படி ஓர் ஆள் கிடைத்தால் ஜனங்கள் விடுவார்களா? நாள் கேட்டு வந்துவிடுவார்கள்.

தவமணியும் அப்படித்தான் வந்தார்.

தவமணி பழங்காநத்தத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். என்னைவிட இளையவர், நெடுநாள் சிநேகிதர். அவர் மகன் கதிரேசனுக்குப் பெங்களூரில் வேலை. என்ன வேலை? 'வாட்டர் கம்பெனியில இன்ஜினியர்' என்று சொல்லியே தவமணி இதுவரை ஓட்டிவிட்டார். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. பையன் தயாரிக்கும் பொருளில் பெரும்பங்கு தண்ணீர்தான். மிச்சம்... பார்லி, ஈஸ்ட், ஹாப் என்கிற ஒரு பூ.

கதிரேசன் பீர் காய்ச்சுகிறான். பெரிய கம்பெனி பீர் இல்லை. சின்ன ஆலை, கொஞ்சம் கொஞ்சமாக, கைப்பக்குவம் பார்த்துச் செய்வது – கிராஃப்ட் பீர் என்கிறார்கள்.

"அண்ணே, இதைப் பத்தி எழுதுனாலும் எழுதுவீங்க. காய்ச்சுறான்னு மட்டும் போட்றாதீங்க. ப்ரூ பண்றான்னு போடுங்க. காய்ச்சுறான்னா போலீஸ் வந்துரும்போல இருக்கு" என்றார் தவமணி.

சரி. ப்ரூ பண்ணுகிறான்.

அங்கேயே சாஃப்ட்வேரில் இருக்கும் பவித்ராவை அவனுக்குப் பிடித்துப்போயிற்று. அவளுக்கும் அவனை. அவளும் மதுரைப் பெண்தான். இரண்டு குடும்பத்துக்கும் இடையில் வேறு தடை எதுவும் இல்லை – ஒரே ஒருவரைத் தவிர. பவித்ராவின் அப்பா பரமசிவம் சார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கணக்கு வாத்தியார். டீ கூடக் குடிக்காத மனிதர். அவரிடம் மகள் வாட்டர் கம்பெனிக் கதையெல்லாம் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள்.

வேறு அப்பாவாக இருந்தால் என்ன செய்திருப்பார்? கத்தியிருப்பார். சார் கத்தவில்லை. யோசித்தார். யோசித்துவிட்டு தவமணிக்குப் போன் போட்டார்.

"பையன் வாத்தியாரா இருந்தா, கடைசி பெஞ்சுல உக்காந்து அவன் பாடம் நடத்துறதப் பாப்பேன். சமையக்காரனா இருந்தா சாப்ட்டுப் பாப்பேன். இவன் இதச் செய்யிறான். அப்ப இதக் குடிச்சுப் பாக்காம எப்படி மார்க் போடுறது? தொழில் சுத்தமாத் தெரிஞ்சவன்னா பொண்ணத் தாரேன். இல்லாட்டி ரெவின்யூல ஒரு பையன் ஜாதகம் என் மேசையிலயே கெடக்கு."

வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவர், மகளுக்காக பீர் குடிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்! எந்த வரியில் தப்பு இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்தேன். ஸ்டெப் ஸ்டெப்பாக எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. விடை மட்டும்தான் விபரீதம்.

இதற்குத்தான் தவமணிக்கு நல்ல நாள் வேண்டும்.

"அடுத்த வாரம் ஆடி பொறக்குது. கல்யாணப் பேச்சு எடுக்கக்கூடாது. ஆவணியில வச்சுக்குவோம்" என்றேன்.

அன்று சாயங்காலமே கதிரேசன் போனில் வந்துவிட்டான். "பெரியப்பா! ஆவணி வேணாம் பெரியப்பா. அது ட்ரை ஹாப் லாகர்!"

"அப்படின்னா?"

"ஹாப் பூவக் கொதிக்கையில போட்டா கசப்பு எறங்கும். எல்லாம் ஆறி, புளிச்சு முடிஞ்சபெறகு போட்டு ஊற விட்டா வாசம் எறங்கும். ரசத்த எறக்கி வச்சுட்டுக் கடைசியா மல்லித்தழையக் கிள்ளிப் போடுறோம்ல... அதான். மறுநாள் ரசத்துல மல்லித்தழை வாசம் வருமா? இதுவும் அப்படித்தான். ஆவணி வரைக்கும் வச்சிருந்தா வாசம் மட்டுப்பட்டுப் போகும். வாசம் போன பீரக் குடிச்சுட்டு சார் என்னய ஃபெயிலாக்கிருவாரு பெரியப்பா."

ஆக, ஒரு பக்கம் பஞ்சாங்கம். இன்னொரு பக்கம் பூவின் வாசம். இரண்டுக்கும் நடுவே மிச்சமிருந்தது ஒரே ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ராகுகாலம் சாயங்காலம்தான். காலை சுத்தமாக இருந்தது. குறித்துக் கொடுத்தேன்.

இடம்? தவமணி வீட்டில் குலசாமி படம் ஹாலிலேயே இருக்கிறது. சார் வீட்டு வாசற்படியை அந்த வஸ்து தாண்டக்கூடாது. எல்லோரும் சேர்ந்து என் வீட்டைப் பார்த்தார்கள். 'பொது இடம்' என்றார் சார்.

பொது இடத்தின் உரிமையாளரான என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "என் டம்ளர் ஒண்ணு கூட வெளிய வராது. நாளைக்கு அதுலதான் காபி குடிக்கணும்." நான் தெருமுனை ஜிகர்தண்டா கடைக்காரரிடம் கெஞ்சி, கண்ணாடி கிளாஸ்களை இரவல் வாங்கி வந்தேன்.

கதிரேசன் கொண்டுவந்தது மூன்று பாட்டில். கர்நாடகாவிலிருந்து அவை எப்படி வந்தன என்பதை இங்கே எழுதப் போவதில்லை. என் வாசகர்களில் எல்லாத் துறையினரும் உண்டு.

மூன்றில் ஒன்று சனிக்கிழமையே காலி. 'சில்லுனு இருக்கணும்' என்று மகன் சொன்னதைக் கேட்டு, தவமணி ஒரு பாட்டிலை ஃப்ரீசரில், மீன் பொட்டலங்களுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார். அது உறைந்து வெடித்துவிட்டது.

"அம்புட்டும் போச்சாய்யா?" என்றேன்.

"போச்சுண்ணே. ஆனா மீன் கொழம்பு என்னைக்கும் இல்லாத ருசி. அவ காரணம் கேக்குறா. நான் சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். பெண் பார்க்கும் சடங்கு எத்தனையோ பார்த்திருப்பீர்கள். இது தலைகீழ். பெண் சோபாவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளைப் பையன் தலைகுனிந்து தட்டுடன் வந்தான். தட்டில் வாழைக்காய் பஜ்ஜி, இரண்டு பாட்டில், கிளாஸ்கள்.

"பாடத் தெரியுமான்னு கேளுங்கப்பா" என்றாள் பவித்ரா.

"சும்மாரு" என்றார் சார். அவர் சட்டைப்பையில் சிவப்புப் பேனா இருந்தது.

கதிரேசன் முதல் வேலையாகக் கிளாஸ்களை மோந்து பார்த்தான். முகம் சுருங்கியது. "பாலாடை வாசம் வருது. கொழுப்பு இருந்தா நொரை நிக்காது" என்று சமையலறைக்குப் போய் உப்பைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தான். என் மனைவி பின்னால் நின்று வேடிக்கை பார்த்தாள். வெளியே வந்து என் காதில், "பையன் நல்லாப் பாத்திரம் வெளக்குறான். பொண்ணக் குடுக்கலாம்" என்றாள். அவள் அளவில் நேர்முகத் தேர்வு அங்கேயே முடிந்துவிட்டது.

அவன் உள்ளே இருந்த நேரத்தில்தான் நான் வழக்கப்படி பாட்டிலைத் திருப்பித் தேதி பார்த்தேன். அடைத்த தேதி கழுத்தில் இருந்தது. என் வாய் சும்மா இருக்கக்கூடாதா?

"அடடே, அஷ்டமி" என்றேன்.

பஜ்ஜிக்கு நீண்ட சாரின் கை பாதியில் திரும்பிவிட்டது.

பரமசிவம் சாருக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அஷ்டமி நவமி பார்ப்பார். இரண்டும் வேறு வேறு டிபார்ட்மென்ட் என்பது அவர் கட்சி.

"அட்டமியிலயா அடைச்சான்? வெளங்குமாண்ணே?" தவமணிக்கு வேர்த்துவிட்டது.

நான் பதறிப்போய்க் கணக்குப் போட்டேன். லாகர் என்பது குளிரில் வாரக்கணக்காக ஊற வேண்டிய பீர் சாதி. என்றைக்குப் புளிக்கப் போட்டான் என்று சமையலறையில் இருந்த கதிரேசனிடமே கேட்டு, பின்னோக்கி எண்ணினேன். வளர்பிறைப் பஞ்சமி! "சார், கரு உண்டானது அருமையான நாள். பிரசவம்தான் கொஞ்சம் அப்படி. அதனால என்ன சார்? கண்ணன் பொறந்ததே அஷ்டமியிலதானே?"

"ஆமா" என்றார் சார். "அதான் அவருக்கும் மாமனுக்கும் ஒத்துவரல."



கதிரேசன் முதல் பாட்டிலைத் திறந்து கிளாஸைச் சாய்த்து ஊற்றினான். இளம் வைக்கோல் நிறம். அதன் மேல் வெள்ளை வெளேரென்று நுரை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் தவமணியின் கண்ணுக்கு அந்த நுரைதான் உறுத்தியது. சம்பந்தி ஆகப்போகிறவர் முன்னால் இப்படிப் பச்சையாக பீர் மாதிரியே பீர் நிற்கிறதே! மகன் பவித்ராவுக்குப் பஜ்ஜி கொடுக்கத் திரும்பினான். அந்த இடைவெளியில் தவமணி இன்னொரு கிளாஸை எடுத்து...

ஆற்ற ஆரம்பித்துவிட்டார்.

ஆமாம். டீக்கடையில் ஆற்றுவார்களே, அதே மாதிரி. இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு, ஒரு முழ நீளத்துக்கு. நுரையை அடக்க நினைத்தவர் கையில் நுரை பத்து மடங்காகப் பொங்கியது. கிளாஸில் பொங்கி, முழங்கையில் வழிந்து, பஜ்ஜித் தட்டில் இறங்கியது.

"அப்பா! ஆத்தாதீங்கப்பா! கேஸ் பூராம் போயிரும்!"

"இருடா, ஆத்துனா பாக்க டீசன்ட்டா இருக்கும்டா! கரும்புச்சாறு கணக்கா இருக்கும்!"

ஒருவழியாக நுரை அடங்கியபோது கிளாஸில் இருந்தது நிஜமாகவே கரும்புச்சாறு கணக்காகத்தான் இருந்தது. கதிரேசன் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். பெற்ற பிள்ளையை மொட்டையடித்துக் கொண்டுவந்து நிறுத்தியதுபோலப் பார்த்தான்.

மிச்சம் ஒரே ஒரு பாட்டில். ரெவின்யூ பையனின் ஜாதகம் சார் வீட்டு மேசையில் காத்துக்கொண்டிருந்தது.

இந்தப் பாட்டிலைக் கதிரேசன் யாரையும் தொடவிடவில்லை. நடுநிலையாளர் என்ற முறையில் முதலில் எனக்குக் கொஞ்சம் ஊற்றினான். இந்த வேலைக்காக நான் நிறையப் படித்துவிட்டு வந்திருந்தேன். படித்ததை ஒதுக்கிவிட்டு மூக்கை கிளாஸுக்குள் விட்டேன். நார்த்தை இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிய வாசம். பின்னால் லேசாகக் கொய்யா, மழை பெய்து முடிந்த புல். குடித்தால் முதலில் பேக்கரி வாசலில் நிற்பதுபோல் ஒரு ரொட்டித் தித்திப்பு. அப்புறம் சுரீரென்று ஒரு துள்ளல். கடைசியில் வேப்பம்பூ ரசம் மாதிரி, வந்தோம் போனோம் என்று ஒரு சின்னக் கசப்பு. நாக்கு சுத்தமாகி அடுத்த வாய்க்கு ஆள் அனுப்புகிறது. குறை சொல்ல வேண்டுமென்றால், வாசம் அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்ட அளவுக்கு உடம்பில் கனம் இல்லை. ஆனால் லாகர் என்றால் மெலிவாகத்தான் இருக்கும் என்கிறார்கள்.

இதையெல்லாம் சாரிடம் சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"எழுத்தாளரே, நீங்க சொல்லி நான் மார்க் போட்டா அது காப்பியடிச்ச மாதிரி ஆயிரும்."

கதிரேசன் அவருக்கு ஊற்றி, இரண்டு கையாலும் கொடுத்தான். "சார், குடிக்கிறதுக்கு முன்னாடி மோந்து பாருங்க சார். இதுல பாதி விஷயம் வாசத்துலதான் இருக்கு."

"மோந்தா?" சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுல போட்டது பூவுன்னுதானே சொன்ன?"

"ஆமா சார்."

"பூவயும் மோந்து பாக்கக்கூடாது, திங்கிற பண்டத்தயும் மோந்து பாக்கக்கூடாது. எங்க வீட்ல அந்தப் பழக்கமே இல்ல."

"சரி சார்... வாயில வச்சு, மெதுவா ஒரு சிப் –"

"வாயில வைக்கிறதா? எச்சிப் பண்ணியா? நான் பொறந்ததுலருந்து அண்ணாந்துதான் குடிக்கிறேன்."

கதிரேசன் என்னைப் பார்த்தான். நான் பவித்ராவைப் பார்த்தேன். பவித்ரா ஃபேனைப் பார்த்தாள்.

யோசித்துப் பாருங்கள். வாசத்துக்காகவே பிறந்த ஒரு பானம். அந்த வாசம் போய்விடக்கூடாது என்று ஆடியை முந்திக்கொண்டு ஓடிவந்திருக்கிறோம். பரீட்சை வைப்பவரோ மோந்தும் பார்க்க மாட்டார், உதட்டிலும் வைக்க மாட்டார். மூக்குக்கும் கிளாஸுக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, நேராகத் தொண்டையில் ஊற்றிக்கொள்வார். கேள்வித்தாளைப் பிரிக்காமலேயே விடைத்தாளைத் திருத்துவது போலத்தானே இது?

யாரும் எதுவும் சொல்வதற்குள் சார் தலையைப் பின்னால் சாய்த்தார். கிளாஸை உயர்த்தினார். கண்ணை மூடினார். ஊற்றினார்.

செம்பில் தண்ணீர் குடித்துப் பழகியவர். தண்ணீர் தொண்டைக்குள் போய்ப் பொங்காது. இது பொங்கியது.

புரை ஏறிவிட்டது. ஏறின ஏற்றத்தில் பீர் திரும்பி மூக்கு வழியாக வந்தது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, இருமலும் தும்மலும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வெளியே வந்தன. தவமணி, "ஐயோ சம்பந்தி!" என்று அலறினார். இன்னும் நிச்சயமாகாதது நினைவுக்கு வந்து, "ஐயோ சார்!" என்று திருத்திக்கொண்டார்.

கதிரேசன் கையில் அந்தக் கடைசிப் பாட்டில் இருந்தது. பாதிக்கு மேல் மிச்சம். அவன் கொண்டுவந்த மூன்று பாட்டில்களில் பிழைத்த ஒன்று. அதை எங்கே வைத்தான் என்று அவனே பார்க்கவில்லை. பாய்ந்து வந்து சாரின் உச்சந்தலையில் பட் பட் பட்டென்று தட்ட ஆரம்பித்தான். பாட்டில் சோபாவில் சாய்ந்து, குடகுடவென்று குஷனுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் திரும்பவே இல்லை.

"யாரோ நெனைக்கிறாங்க சார், யாரோ நெனைக்கிறாங்க" என்று வேறு சொல்லிக்கொண்டே தட்டினான். புரை ஏறினால் சொல்ல வேண்டியதை அம்மா வயிற்றிலிருந்தே படித்து வந்திருக்கிறான்.

"ரெவின்யூக்காரரா இருக்கும்" என்றாள் பவித்ரா.

"மாப்பிள்ளை... போதும்... மண்டை வலிக்கி" என்றார் சார்.

கதிரேசனின் கை அந்தரத்தில் நின்றது. காலையிலிருந்து 'தம்பி' என்றுகூட அவனைக் கூப்பிடாதவர் அவர்.

சார் துண்டால் முகத்தைத் துடைத்தார். மூக்கை உறிஞ்சினார். இன்னொரு முறை உறிஞ்சினார். பிறகு உத்தரத்தைப் பார்த்தபடி மெதுவாக, நீளமாக மூச்சை இழுத்தார்.

"நார்த்தை எலை" என்றார்.



"அதுக்கு அங்குட்டு... கொய்யாவா? ஆமா, கொய்யா. மூக்குக்குள்ள ஒரு தோப்பே நிக்கி." கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அது இருமலால் வந்ததுதான். நான் வேறு எதுவும் சொல்லிக் கதை கட்ட விரும்பவில்லை. "கசப்பு அளவா இருக்கு. கூட்டல் கழித்தல் தப்பில்ல."

மூக்கு வழியாக பீர் குடித்தவர் எங்களில் அவர் ஒருவர்தான். எங்கள் எல்லோரையும்விட வாசத்தை முழுசாகப் பிடித்தவரும் அவர்தான்.

சிவப்புப் பேனாவை எடுத்தார். எழுத எதுவும் அகப்படாததால் உள்ளங்கையில் எழுதிக் காட்டினார். முப்பத்தைந்து.

கதிரேசன் முகம் விழுந்துவிட்டது. "நூத்துக்கா சார்?"

"பாஸ் பண்ணிட்ட. அதுக்கு மேல என்னாத்துக்கு?" என்றார். பிறகு சோபாவைத் திரும்பிப் பார்த்தார். "அது செஞ்ச பொருளுக்குப் போட்ட மார்க்கு. பொருள் கீழ ஓடுறப்ப, அத விட்டுட்டு என் மண்டையத் தட்ட வந்தேல்ல... அதுக்கு மார்க் தனி. அதச் சொல்ல மாட்டேன். தலைக்கனம் வந்துரும்."

பவித்ரா அவன் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள். "எனக்கே அவரு கணக்குல முப்பத்தெட்டுதான் போட்டாரு. சந்தோசமா இரு."

தவமணி அழுதுகொண்டே மிச்சப் பஜ்ஜியைச் சாப்பிட்டார். அவர் ஆற்றிய பீரில் ஊறிய பஜ்ஜி. ருசி எப்படி என்று கேட்டேன். "மீன் கொழம்பு அளவுக்கு இல்லண்ணே" என்றார்.

என் மனைவி இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. சோபாவில் உட்காருகிறவர்கள் எல்லாம் 'இங்க நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கீங்களா' என்று கேட்கிறார்கள். ட்ரை ஹாப் வாசம் சீக்கிரம் மட்டுப்பட்டுவிடும் என்று கதிரேசன் சொன்னது பாட்டிலுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

அன்று கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பரமசிவம் சார் என்னைத் தனியாக ஒதுக்கினார். மற்றவர்கள் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எழுத்தாளரே, ஆவணியில நிச்சயத்துக்கு நாள் பாத்துச் சொல்லுங்க."

"பாத்துருவோம் சார்."

"அப்படியே..." மூக்கைத் தடவிக்கொண்டார். "பையன்கிட்ட ஒரு வார்த்தை. அடுத்தவாட்டி நாள் பாத்து அடைக்கச் சொல்லுங்க. அட்டமி வேணாம்."

ஆகையால் வாசகர்களே, இந்த வாரம் என் பஞ்சாங்கத்தில் ஆவணி முகூர்த்தம் இரண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன் – ஒன்று தாம்பூலத்துக்கு, ஒன்று மூடிக்கு.